எயிற்பட்டினத்துக்கு வழி

விடுமுறை நெருங்கினால் நண்பர்களிடமிருந்து பயணத் திட்டங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. அண்மையில் எங்களுக்கு வந்தவற்றுள் பாதிக்கு மேல் கண்டிக்கோட்டையைப் பற்றியவை. சென்னையிலிருந்து காரில் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். கடப்பை மாவட்டத்தில் வட பெண்ணையாறு எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு ஓடும் மலையிடுக்கு. எத்தனை மணிக்குப் புறப்படுவது, எந்த ஊரில் சிற்றுண்டி, சூரிய உதயத்துக்கு எந்தப் பாறை, அந்திக்கு எந்தப் பாறை என்று எல்லாம் அட்டவணையில் இருக்கின்றன. அமெரிக்காவின் பெரும் பள்ளத்தாக்கோடு ஓர் ஒப்பீடும் தவறாமல் இருக்கிறது. அந்த ஒப்பீடு இல்லாமல் கண்டிக்கோட்டையைப் பற்றி ஒரு பத்திகூட எழுத முடியாது போலும்.

கண்டிக்கோட்டையின் மீது எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் இத்தகைய திட்டங்களை அடுத்தடுத்து வாசிக்கும்போது அவற்றுள் பேசப்படாத இரண்டு விதிகள் இருப்பது புலனாகிறது. காட்சி என்றால் அது உயரமாகவோ ஆழமாகவோ இருக்கவேண்டும் என்பது முதல் விதி. காட்சிக்குள் மனிதர் இருக்கக்கூடாது, இருந்தாலும் அவர் வேலை செய்துகொண்டிருக்கக்கூடாது என்பது இரண்டாவது. இவ்விரு விதிகளின்படி பார்த்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டரில் இருக்கும் மரக்காணத்துக்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லை. அங்கே உயரமும் இல்லை, ஆழமும் இல்லை. கண்ணுக்கு எட்டியவரை தட்டையான உப்புப் பாத்திகள், அவற்றில் குனிந்த முதுகுகள். புதுச்சேரி போகும் திட்டங்களில் மரக்காணம் 'தாண்டும் ஊர்' என்று வருகிறது. தாராள மனம் படைத்தவர்கள் 'தேநீர்' என்று ஒரு சொல் சேர்க்கிறார்கள்.

இந்த இடத்தில் வாசக நண்பர்களுக்கு நம் மொழியின் ஒரு சொல்லை நினைவூட்ட விரும்புகிறோம். ஆறு என்பதற்கு நதி என்று மட்டும் பொருள் இல்லை. வழி என்றும் பொருள். ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்துவது. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகளே. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வரும் மற்றொரு கலைஞனிடம் இன்ன வழியாகப் போ, இன்ன ஊரில் இன்னாரைப் பார், இன்ன உணவு கிடைக்கும் என்று சொல்வதுதான் அவற்றின் கட்டுமானம். நம்மிடம் இருப்பவற்றுள் மிகப் பழைய பயணத் திட்டங்கள் அவைதாம் என்று சொன்னால் தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என நம்புகிறோம்.

மலையிடுக்கு வழியாகப் பயணம் போக விரும்புவோர்க்கும் அங்கே ஒன்று இருக்கிறது. செங்கண்மா நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. மலை வழியும் அடிவாரத்துச் சேயாறும் அதில் வருகின்றன. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு ஒடுங்கும் குழியை எப்படிக் கடப்பது, தினைப்புனம் காப்போர் யானையை நோக்கி வீசும் கவண்கல் தவறி நம்மேல் விழாமல் எப்படிப் போவது, பாறை எங்கே வழுக்கும் என்றெல்லாம் அந்தக் கூத்தன் எச்சரிக்கிறான். கவனிக்கவேண்டியது இதுதான்: அவ்வழியில் ஆபத்தும் மனிதரிடமிருந்து வருகிறது, சோறும் மனிதரிடமிருந்து வருகிறது. மலை வெறும் மலையாக நிற்கவில்லை. அது யாரோ ஒருவருடைய புனம், யாரோ ஒருவருடைய பொறி.

மரக்காணத்துக்கும் ஓர் ஆற்றுப்படை இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடியது, 269 அடிகள். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்த இடைக்கழிநாடு எங்கோ ஏட்டுக்குள் இருக்கும் நாடு அன்று. இன்று செங்கல்பட்டு மாவட்டத்துச் செய்யூர் வட்டத்தில் அதே பெயரில் ஒரு பேரூராட்சி. சென்னையிலிருந்து வரும் கார்கள் மரக்காணத்தை அடையுமுன் அதன் வழியாகத்தான் போகின்றன. பாட்டில் வரும் நெய்தல் நகரமான எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. அங்கிருந்து வழி உள்நாட்டுக்குத் திரும்புகிறது: முல்லை நிலத்து வேலூர், மருத நிலத்து ஆமூர், இறுதியில் மன்னனின் ஊர். வேலூரைக் கழுவேலிப் பக்கத்து உப்புவேலூர் என்றும், ஆமூரை நல்லாமூர் என்றும் கொள்வர். நல்லியக்கோடனின் கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. ஆகக் கடலிலிருந்து திண்டிவனம் வரை, இன்றைய காரில் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடக்கூடிய வழி அது.

பாணன் அவ்வழியில் ஏன் போனான் என்பதைப் பாட்டு மறைக்கவில்லை. அவன் வீட்டு அடுக்களை இடிந்து கிடக்கிறது. கண் திறவாத குட்டிகளுக்குப் பால் கொடுக்கவும் வலுவில்லாமல் நாய் குரைக்கிறது. மனைவி குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவரே என்று வெட்கிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறார்கள். பசியைப் பாடிய கவிதைகள் தமிழில் பல உண்டு. அந்த உலையில் உப்பும் இல்லை என்பதைக் குறித்துவைத்த கவிஞர், தன் பாணனை அனுப்பும் முதல் ஊர் உப்பு விளையும் கடற்கரையில் இருக்கிறது. இது திட்டமிட்ட அமைப்பா, தற்செயலா என்று எங்களுக்குள் ஒரு மாலை முழுவதும் வாதம் நடந்தது. அது முடியவில்லை, முடியவேண்டும் என்ற அவசியமும் இல்லை.

எயிற்பட்டினத்தில் பாணனுக்குக் கிடைப்பவை பற்றியும் சொல்லவேண்டும். அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள் கரையில் கிடக்கின்றன. ஒட்டகங்கள் படுத்துத் தூங்குவதைப்போல, என்கிறார் கவிஞர். (இந்தக் கடற்கரையில் ஒட்டகத்தை அவர் எப்போது பார்த்தார்? உவமை எடுத்தாள்வதென்றால் கேட்பவரும் ஒட்டகத்தை அறிந்திருக்கவேண்டுமே. துறைமுக நகரம் என்பதற்குத் தனியாகச் சான்று வேண்டியதில்லை.) அந்த விறகில் நுளைமகள் காய்ச்சிய தேறலைப் பரதவர் கொடுக்கிறார்கள், கூடவே சுட்ட குழல்மீன் கருவாடு. வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் சூடும். ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டும். நிலம் மாறும்போது சோறு மாறுகிறது, சமைக்கும் கை மாறுகிறது. பாட்டு எங்கும் 'அழகிய இடம், நின்று பார்' என்று சொல்லவில்லை. அழகெல்லாம் போகிற போக்கில் வருகிறது. நிறுத்தச் சொல்லும் இடமெல்லாம் யாரோ ஒருவர் வீட்டு வாசல்.

இனி இன்றைய சாலை. கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் எடுத்து மேம்படுத்தி, 2002 முதல் கட்டணச் சாலையாக நடத்தியது. 'எழில்மிகு கடற்கரைச் சாலை' என்ற பொருளில் அதற்கு விளம்பரமும் இருந்தது. ஆனால் எழில் என்பது கடல் தெரியும் இடங்களையும் சவுக்குத் தோப்புகளையும்தான் குறித்தது. மரக்காணத்தை நெருங்கும்போது கடல் மறைந்து, இருபுறமும் பாத்திகள் விரிகின்றன. கண் கூசும் வெளிச்சம், சிறு வீடுகளைப்போல் வரிசையாக நிற்கும் உப்பு அம்பாரங்கள், அவற்றின்மேல் கீற்று. கார்கள் இங்கேதான் வேகம் எடுக்கின்றன. நிறுத்துகிறவர்களும் உண்டு, வரப்பில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். பின்னணியில் வெண்மை நன்றாக விழுகிறது.

அந்த வெண்மை எப்படி உண்டாகிறது என்பதை அறிந்து பார்த்தால் அது வெறும் வெண்மையாக இராது. கழியிலிருந்தும் கால்வாயிலிருந்தும் வரும் உவர்நீரை முதலில் பெரிய பரப்பில் தேக்குகிறார்கள். கடல்நீரின் செறிவை போமே என்னும் அளவையில் சொன்னால் மூன்று, மூன்றரைப் பாகை. வெயிலும் காற்றும் அதைக் குடிக்கக் குடிக்க நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நகர்கிறது. வழியிலேயே சுண்ணமும் ஜிப்சமும் படிந்து விலகுகின்றன. ஏறத்தாழ 25 பாகையில்தான் உப்பு பூக்கத் தொடங்குகிறது. 29, 30 பாகையைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசந்துவிடும். அதற்குள் வாரிவிட்டு எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றவேண்டும். இந்தச் சில பாகைகளுக்குள் இருக்கிறது ஒரு குடும்பத்தின் பருவம். கருவி இல்லாமலே நீரின் நிறத்தையும் காலில் அது பிசுக்கும் விதத்தையும் வைத்துச் சொல்லக்கூடியவர்கள் இத்தொழிலில் உண்டு. செறிவு மிகுந்த பாத்திகளில் சில வேளை நீர் இளஞ்சிவப்பாகத் தெரியும். அவ்வளவு உப்பிலும் வாழக் கற்ற நுண்ணுயிர்களின் நிறம் அது.

பாத்தியைப் பெருமழை ஒருநாள் தொட்டால் போதும், எல்லாம் முதலிலிருந்து. தை, மாசியில் சேற்றை மிதித்துப் பாத்தி கட்டித் தொடங்குகிற வேலை, வடகிழக்குப் பருவமழை வரும்வரைதான். அதன்பின் உப்பளத் தொழிலாளிக்கு ஊதியம் இல்லாத மாதங்கள். தமிழக அரசு 2022 முதல் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் என்று கொடுப்பது இதை ஏற்றுக்கொண்டதன் அடையாளம். போதுமா என்பது வேறு கேள்வி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது உப்பளமும் வயலும் ஒரே நீர்ப்பரப்பாயின. தொலைக்காட்சிகள் அந்த இரவில் மரக்காணத்தின் பெயரை ஓயாமல் சொல்லின. புயல், சாராயச் சாவு, சாதிக் கலவரம் என்று ஊரின் பெயர் வெளியுலகுக்கு வருவதெல்லாம் இப்படித்தான். விளையும் பொருளால் அந்த ஊர் பெயர் பெற்ற காலம் சங்ககாலத்தோடு முடிந்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

நவீனத் தமிழ் இலக்கியமும் இந்தக் கரைக்கு அவ்வளவாக வரவில்லை. உப்பளத் தொழிலாளரைப் பற்றி நம்மிடம் இருக்கும் முக்கியமான நாவல் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. அதன் களம் தூத்துக்குடி. அளங்களுக்குப் போய், மனிதரோடு பேசி, அவர்கள் நாளை அறிந்து எழுதப்பட்டது அது. வழியில் காரை நிறுத்திப் பார்த்து அத்தகைய நாவலை எழுதியிருக்க முடியாது. மரக்காணம் இன்னும் தன் நாவலுக்குக் காத்திருக்கிறது.

ஒரு காட்சியைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், பக்கிங்காம் கால்வாய். ஆந்திரக் கடற்கரையிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் கரையோரமாகவே வரும் இக்கால்வாய் மரக்காணத்தில் முடிகிறது. 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய பணி அது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி நிவாரண வேலையாக வெட்டப்பட்டது; அன்றைய ஆளுநரின் பெயர்தான் கால்வாய்க்கு நிலைத்தது. வெட்டியவர்கள் கூலிக்கு மண் சுமந்த பட்டினிக்காரர்கள். நெடுங்காலம் அதன் வழியே உப்பும் விறகும் படகில் நகரத்துக்குப் போயின. கண்டிக்கோட்டையில் பாறையை ஆறு அறுத்தது. இங்கே மண்ணை மனிதர் அறுத்தனர். எது நின்று பார்க்கத்தக்கது என்று கேட்டால் நாங்கள் இரண்டும் என்போம். ஆனால் இரண்டாவதைப் பார்க்கச் சொல்லி எந்தப் பலகையும் இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் மரக்காணம்–புதுச்சேரி இடையே 46 கிலோமீட்டர் நாற்கரச் சாலைக்கு, 2,157 கோடி ரூபாய் மதிப்பீட்டில், ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தேசிய நெடுஞ்சாலை 332ஏ என்பது அதன் எண். சாலை அகலப்படுவதை எதிர்க்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. இருவழிச் சாலையில் எதிரெதிரே மோதி மாண்டவர்களின் கணக்கை அறிந்த எவரும் எதிர்க்கத் தயங்குவர். பேருந்தில் மருத்துவமனைக்குப் போகும் மரக்காணத்துக்காரருக்கும் நல்ல சாலை வேண்டும். ஆனால் நாற்கரச் சாலை என்பது ஊரைத் தவிர்ப்பதற்கான பொறியியலும்கூட. நடுவே தடுப்பு, இருபுறமும் வேலி, மணிக்கு நூறு கிலோமீட்டர். இத்தகைய சாலை வந்த பிறகு வழியோர ஊர்களுக்கு என்ன நேரும் என்பதைத் திருச்சி நெடுஞ்சாலையில் பார்த்திருக்கிறோம்: ஊர் ஒரு பெயர்ப்பலகையாகிவிடும். அளம் சாலைக்கு அந்தப் பக்கமும் வீடு இந்தப் பக்கமுமாக இருக்கும் பெண்கள், விடியலுக்கு முன் இருட்டில், எங்கே சாலையைக் கடப்பார்கள்? சுரங்கப்பாதை எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று? உப்பு ஏற்றும் லாரி எங்கே நிற்கும்? வரைபடத்தில் இக்கேள்விகளுக்கு இடம் ஒதுக்கவேண்டிய நேரம் இதுதான். தார் போட்ட பிறகு கேட்டால் 'அடுத்த கட்டத்தில்' என்பார்கள்.

காட்சிமுனை அமையுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அப்படி ஒன்று அமைந்தால் கண்ணாடித் தரையும் இதயவடிவச் சட்டகமும் வந்துவிடும். சாலையோரம் பத்துக் கார்கள் நிற்க இடம், நிழலுக்கு நான்கு மரம், அளத்துத் தொழிலாளரே நடத்தும் ஒரு சிறு கடை, குடிநீர், கழிப்பறை. கழிப்பறை பயணிகளுக்கு மட்டும் அன்று; நாள் முழுதும் மறைவில்லாத வெளியில் வேலை செய்யும் பெண்களுக்கும். 46 கிலோமீட்டருக்கு 2,157 கோடியில் இதற்குச் செலவாவது கணக்கிலேயே தெரியாது.

'கூட்டம் வந்தால் ஊர் கெடும், மரக்காணத்தை விட்டுவிடுங்கள்' என்று நண்பர் ஒருவர் சொன்னார். நியாயமான அச்சம். கழுவேலியைப் பொறுத்தவரை அதை நாங்களும் ஏற்கிறோம். மரக்காணத்துக்குத் தென்மேற்கே 5,151 ஹெக்டேருக்கு மேல் பரந்த அந்த உவர்நீர் ஏரி, பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே இரைச்சலோடு போவதைவிடப் போகாமலிருப்பது நல்லது. ஆனால் ஊர் வேறு, ஏரி வேறு. கூட்டம் இப்போதும் அவ்வூர் வழியாகத்தான் போகிறது, ஆயிரக்கணக்கான கார்களில், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. விட்டுவிடுவது என்பது ஏற்கனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றுக்கு நல்ல பெயர் சூட்டுவதுதான்.

ஆகவே எங்கள் திட்டம் இது; அட்டவணை இல்லை. தை பிற்பகுதியிலோ மாசியிலோ போங்கள். கழுவேலியில் வலசைப் பறவைகள் இன்னும் இருக்கும், அளங்களில் வேலையும் தொடங்கியிருக்கும். உப்பு வாருவதையே பார்க்கவேண்டுமென்றால் பங்குனி, சித்திரை. முந்தின இரவே பக்கத்தில் தங்கி விடியலுக்கு முன் அளத்துக்குப் போய்ச் சேரவேண்டும். வெயில் ஏறியபின் போனால் வேலை ஓய்ந்திருக்கும், வெண்மை மட்டும் இருக்கும். வரப்பில் இறங்குமுன் கேளுங்கள், பாத்தியில் கால் வைக்காதீர்கள். படம் எடுப்பதானால் முகத்துக்குச் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். வரும் வழியில் கடப்பாக்கத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. ஊருக்குள் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. குழல்மீன் கிடைக்காமல் போகலாம், வேறு கருவாடு உறுதியாகக் கிடைக்கும். சாலையோரத்துக் கல்லுப்பு வாங்குவதானால் அயோடின் சேர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். 2006 மே முதல் சேர்க்காததை நேரடியாக உண்பதற்கு விற்கத் தடை இருக்கிறது. ஊறுகாய்ப் பிரியர்கள் இதனால் அடைந்த துயரம் தனிக் கட்டுரைக்கு உரியது.

பிறகு புதுச்சேரிக்குப் போகாமல் மேற்கே திரும்பித் திண்டிவனம் சாலையைப் பிடியுங்கள். பாணன் போன திசை அது. உப்பு நிலம் மெல்லக் கரம்பாகி, கரம்பு வயலாக மாறுவதை அரை மணிக்குள் பார்க்கலாம். உப்புவேலூருக்கும் போகவேண்டும் என்றால் சற்று விலகிச் சுற்றவேண்டியிருக்கும். சிறுபாணாற்றுப்படை காரில் இருக்கட்டும், உரையோடு கூடிய பதிப்பாக இருந்தால் நல்லது. நிதானமாக உரக்க வாசித்தால் கிடங்கில் வருவதற்குள் 269 அடிகளும் முடிந்துவிடும். ஓட்டுகிறவர் வாசிக்கவேண்டாம்.